ஏர்கோன் இருக்கிறது, அம்மா போடுவதில்லை

வானொலியில் வெப்பநிலையைச் சொல்வதும் என் வேலைதான். தொடர்ந்து மூன்று நாள் அதிகபட்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால், மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் அது முதல் நிலை எச்சரிக்கை. 37ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை, 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. வாசிக்க அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் வாசிக்கும்போதெல்லாம் பெஸ்தாரி ஜெயாவில் தனியாக இருக்கும் அம்மாவின் நினைவுதான் வரும்.

அம்மா வீட்டில் ஏர்கோன் இருக்கிறது. தம்பி வாங்கி மாட்டியது. அம்மா போடுவதே இல்லை. கேட்டால், "கரண்டு காசு ஏறிடும்மா" என்பார்.

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர் அவர். லயமும் தகரக் கூரைதான், நண்பகலில் கொதிக்கும். ஆனால் எங்கள் லயத்தில் அடுப்படி பின்னால் தனியாக இருந்தது. பால்மர விறகின் சூடும் புகையும் படுக்கும் அறைக்கு வராது. பலகைச் சுவர் பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும்.

ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கமெல்லாம் தோட்டத்தை விட்டு தாமானுக்கு வந்த குடும்பங்கள் நிறைய. வரிசை வீட்டில் இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். காற்று முன்வாசலில் நுழைந்து பின்பக்கம்தான் வெளியேற வேண்டும். நாமோ பின்பக்கக் கூரையை நீட்டி, சமையலறையைப் பெரிதாக்கி, அந்த வழியையும் அடைத்துவிடுகிறோம். செங்கல் சுவர் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் கக்குகிறது.

எனவே முதல் வேலை, சூட்டுக்கு வழிவிடுவது. ஜன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துளைகளில் அடைத்த பழைய பேப்பரை எடுத்துவிடுங்கள். விடியற்காலையில் முன்னும் பின்னும் திறந்து வையுங்கள். மேற்கு வெயில் விழும் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். உள்ளே போடும் திரையைவிட அது பயன் தரும். பெரிய சமையலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். காற்றாடி அறையைக் குளிர்விப்பதில்லை, நம் வியர்வையைத்தான் உலர்த்துகிறது. ஆளில்லா அறையில் அது சுற்றுவது வீண்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வறட்சியில் ராஜா மூசா பக்கம் கரிமண் காடு பற்றிக்கொண்டால், புகைமூட்டம் நம் வாசலுக்கே வரும். அன்று ஜன்னலை மூடத்தான் வேண்டும். ஏர்கோன் உண்மையில் தேவைப்படும் நாள் அதுதான்.

அதற்கு அது தயாராக இருக்க வேண்டும். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, குழாய் நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். தூசி அடைத்தால் காற்று குறையும், இயந்திரம் கூடுதல் நேரம் ஓடும், பில்லும் ஏறும். வெளியே இருக்கும் பெட்டியை ஒட்டிப் பூந்தொட்டியோ துணிக்கொடியோ வேண்டாம். 24 டிகிரியில் வைத்து, கூடவே காற்றாடியையும் மெதுவாக ஓடவிட்டால் போதும்.

அம்மாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் மணிக்கு ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவாகவே இழுக்கும். வெயில் உச்சத்தில் இரண்டு மணி நேரம் போட்டாலும், அவர் வீட்டுக் கட்டணத்தில் ஒரு வெள்ளிக்குள் அடங்கும். ஒரு தே தாரேக்கூட அந்த விலைக்குக் கிடைக்காது.

வயதானவர்களுக்கு வெப்பம் உயிருக்கே ஆபத்தாகலாம். பலருக்குத் தாகம்கூடச் சரியாகத் தெரியாது. உங்கள் அம்மாவோ பாட்டியோ தனியாக இருந்தால், மதியம் இரண்டு மணிக்கு ஒரு போன் போடுங்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்பதோடு, தண்ணீர் குடித்தீர்களா, ஏர்கோன் போட்டீர்களா என்றும் கேளுங்கள்.