பொன்வண்டின் பஞ்சாங்கம்

நான் பெரம்பலூருக்குப் புறப்பட்டபோது என் பெண் ஒரு காலித் தீப்பெட்டியை என் கையில் திணித்தாள். "பொன்வண்டு இல்லாமல் வீட்டுக்கு வராதே, அப்பா!" என்று உத்தரவு வேறு. சிறு வயதில் பொன்வண்டு வளர்த்த பெருமையை அவளிடம் அளந்ததன் பலன்!

புரட்டாசிக் கடைசி. ஆனாலும் பெரம்பலூரில் சித்திரை வெயில் காய்ந்தது. மேற்கே பச்சைமலை மங்கலாகத் தெரிந்தது. சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்த்துவிட்டு அரியலூர் போவதாக ஏற்பாடு.

சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரம் ஒன்று கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடல் இங்கே வரைக்கும் வந்திருந்ததாம்! அந்தக் கடல் விலகுவதற்கு எத்தனையோ யுகங்கள் பிடித்தன. பூமி அவ்வளவு நிதானமாக மாறினால், பூச்சி புழுக்களும் கூடவே தங்களை மாற்றிக்கொள்ள அவகாசம் இருக்கும்.

வெளியே வந்து வேலமரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன தம்பி தேடுறீங்க?"

சொன்னேன். பாட்டி சிரித்தாள்.

"மழை பேஞ்சு மண்ணு எளகினாத்தானே அது மேலே வரும்? நான் சின்னப் புள்ளையா இருந்தப்போ மரத்தை உலுக்கினா உதிரும். இப்போ மழைக்கே நாளு கெழமை தெரியலையே!"

பாட்டி சொன்னதில் பெரிய சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. மரத்தில் நாம் பார்க்கும் பொன்வண்டுக்கு ஆயுசு சில வாரங்கள்தான். அதற்கு முந்திய வாழ்க்கையெல்லாம் மண்ணுக்குள்ளே, வேரைத் தின்னும் புழுவாகக் கழிகிறது. மழைதான் அதற்குப் பஞ்சாங்கம். மழை பெய்ததும் வெளியே வந்து, தளிரைத் தின்று, ஜோடி சேர்ந்து, மண்ணில் முட்டையிட்டு, தன் கதையை முடித்துக்கொள்ளும். மழை பொய்த்தால்? ஒரு மழை பெய்து ஏமாற்றிவிட்டு மறுபடி வெயில் கொளுத்தினால்? வந்த வண்டுக்குத் தளிர் இராது. முட்டைக்கு ஈரம் இராது.

ஆனால் வெப்பம் எல்லா வண்டுகளுக்கும் எமன் என்று எண்ணிவிடாதீர்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பைன் மரப்பட்டையைத் துளைக்கும் வண்டு ஒன்று உண்டு. கடுங்குளிரில் அதன் புழுக்கள் செத்துப்போவது வழக்கம். 1990-களின் பிற்பகுதியிலிருந்து அந்தக் குளிர் போதவில்லை. வண்டுகள் பெருகி, சுமார் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர் காட்டில் பைன் மரங்களைத் தாக்கின! உலகின் சராசரி வெப்பம் ஏறியிருப்பது என்னவோ, 1850-1900 காலத்தைவிட 2011-2020-ல் சுமார் 1.1 டிகிரிதான். நமக்கு அது ஒரு கைவிசிறி சமாசாரம். வண்டுக்கோ வாழ்வா, சாவா என்ற விஷயம்.

பேசிக்கொண்டே இருந்த பாட்டி, தாழ்ந்த கிளை ஒன்றிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பொன்வண்டு! கழுத்துப் பக்கம் மரகதப் பச்சை. முதுகு செம்பு நிறம். நாலு வேல இலையுடன் தீப்பெட்டிக்குள் குடியேற்றினேன்.

அரியலூரில் சிமெண்டு லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. டீக்கடையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். உள்ளே சின்னஞ்சிறு முட்டைகள்!

சிறு வயதில் இதைக் கண்டால் குதித்திருப்பேன். பெட்டிக்குள் இட்ட முட்டையிலிருந்து பொன்வண்டு வந்ததாக மட்டும் எனக்கு நினைவே இல்லை. எப்படி வரும்? மண் இல்லை, வேர் இல்லை, மழை இல்லை. அந்த நாளில் மரத்துக்கு மரம் வண்டு இருந்தது. ஒன்றை எடுத்தால் குறையவில்லை. இன்று ஒரு மரத்துக்காக ஊர் முழுதும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைக்குப் பின்னால் வேலமரம் ஒன்று நின்றது. அடிமண்ணைக் கிளறி முட்டைகளைப் புதைத்து, வண்டைக் கிளையில் விட்டேன்.

வீட்டில் காலிப் பெட்டியைப் பார்த்த என் பெண் முகம் சுண்டிப்போயிற்று. நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அங்கே மழை சரியாக வருமா, அப்பா?"

பதில் சொல்லத் தெரியாமல், ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தேன்.