தடுக்க இயலாத சாட்சி

எங்களில் சிலருக்கு இரவில் வாசிப்பு, பகலில் கெர்னல் நிரல் எழுதும் பிழைப்பு. இரண்டும் ஒட்டாத உலகங்கள் என்றே நண்பர்கள் நினைக்கிறார்கள். ஆனால், ஒரு சாட்சியை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி நாவல் வாசகனுக்கு மட்டும் உரியதன்று. இயங்குதளத்தின் ஆழத்திலும் அது உண்டு.

ஒரு நிரல் ஏன் மந்தமாக ஓடுகிறது என்று கண்டறிய, பிராசசருக்குள்ளேயே எண்ணிகள் இருக்கின்றன. இன்டெல் 1993இல் வெளியிட்ட பென்டியத்திலேயே அவை இருந்தன. கடந்துபோன கடிகாரச் சுழற்சிகள், கேஷில் தேடிக் கிடைக்காமற்போன தடவைகள் என்று நாம் சொல்வதை அவை எண்ணும். ஒவ்வொரு 1,00,000 சுழற்சிக்கும் ஒரு குறிப்பு வேண்டுமென்றால், எண்ணியை அதன் கொள்ளளவுக்கு 1,00,000 குறைவாக வைத்துத் தொடங்கினால் போதும். அது நிரம்பி வழியும் கணத்தில் ஒரு குறுக்கீடு எழும். பிராசசர் கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டு, கெர்னலின் ஒரு சிறு பகுதிக்குத் தாவும். அப்பகுதி, எந்த வரியில் வேலை நின்றது என்று குறித்துக்கொண்டு, எண்ணியைப் பழைய அளவில் வைத்துவிட்டு விலகும். ஆயிரக்கணக்கில் குறிப்புகள் சேரும்போது, நேரம் எங்கே செலவாயிற்று என்பது தெரியவரும்.

ஆனால் கெர்னல் சில வேளைகளில் குறுக்கீடுகளுக்குக் கதவை அடைத்துவிட்டு வேலை செய்யும். அப்போது எழும் சாதாரணக் குறுக்கீடு வெளியே காத்து நின்று, கதவு திறந்ததும்தான் உள்ளே வரும். அதற்குள் நடந்ததை அது காணாது. கதவைத் திறந்த வரியின் பெயரையே குறித்துக்கொண்டு போய்விடும்.

சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் பணியாற்றிய இடத்தில் அப்படியோர் அறிக்கை வந்தது. மெய்நிகர் கணினியில் எடுத்தது. அங்கே எண்ணிகள் கிடைக்காததால் சாதாரண டைமர் குறுக்கீட்டைக் கொண்டு அளந்திருந்தார்கள். உச்சியில், பூட்டை விடுவித்துக் குறுக்கீடுகளைத் திறந்துவிடும் வரி நின்றது. அந்தப் பூட்டைச் சேர்த்தவர், பணியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத இளைஞர். "பூட்டு மட்டும்தான் நான் போட்டது சார், உள்ளே ஓடுறது பழைய கோடு" என்றார். யாரும் செவிகொடுக்கவில்லை. அதே வேலையை நேரடி இயந்திரத்தில், தடுக்க இயலாத வகைக் குறுக்கீட்டைக் கொண்டு அளந்து காட்டினோம். நீண்டதொரு பட்டியலைத் தலைமுதல் கால்வரை துழாவிக்கொண்டிருந்த பழைய வளையம் மேலே வந்தது. நிரலைத் திருத்த ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. இளைஞரின் ஆண்டு மதிப்பீட்டில் ஏறிவிட்ட வாக்கியத்தை நீக்க நான்கு மாதங்கள் ஆயின.

இன்டெல், ஏஎம்டி இயந்திரங்களில் லினக்ஸ் எண்ணிகளின் குறுக்கீட்டைப் பொதுவாக இந்தத் தடுக்க இயலாத வகையாகவே எழுப்புகிறது. 2009இல், 2.6.31 பதிப்போடு வந்த பெர்ஃப் அமைப்பு அதைக் கையாள்கிறது. அடைத்த கதவுக்குள்ளும் நுழையும் இச்சலுகைக்கு விலை உண்டு. ஒருவர் பூட்டைப் பிடித்திருக்கும் வேளையில் இது நுழையலாம். அதே பூட்டுக்காக இதுவும் காத்து நின்றால், இது விலகும்வரை அவர் நகர முடியாது. அவர் விடும்வரை இது விலகாது. இயந்திரம் உறைந்துவிடும். ஆகவே இது எந்தப் பூட்டுக்காகவும் காத்திருக்கலாகாது, உறங்கலாகாது. முன்பே ஒதுக்கிவைத்த இடத்தில் குறிப்பை எழுதிவிட வேண்டும். யாரையேனும் எழுப்ப வேண்டுமென்றால், அதைப் பின்னால் வரும் சாதாரணக் குறுக்கீட்டிடம் ஒப்படைக்க வேண்டும். இதன் வேலையே அதிக நேரத்தைத் தின்றால், கெர்னல் அளக்கும் வேகத்தைக் குறைத்துவிடும். வழக்கமான வரம்பு பிராசசர் நேரத்தில் 25 சதவீதம்.

இரண்டு எண்ணிகள் ஒருசேர நிரம்பினால், முதல் வருகையே இரண்டையும் கவனித்துவிடும். அடுத்த வருகைக்கு உரிமையாளர் இல்லை. அப்படி அநாதையாக வருவதைக் கண்டால் லினக்ஸ், தான் திகைத்துக் குழம்பியிருப்பதாகவும், ஆனாலும் தொடர முயல்வதாகவும் ஒரு செய்தி எழுதும். இப்போது அடுத்தடுத்து வரும் இரட்டையரை அடையாளம் கண்டு சும்மா விட்டுவிடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் இச்சாட்சி சில கட்டளைகள் தாமதமாகவே வரக்கூடும். அதைச் சறுக்கல் என்கிறோம். எவ்வளவு சறுக்கலைப் பொறுக்கலாம் என்று அளப்பவரே சொல்ல லினக்ஸில் 0 முதல் 3 வரை படிகள் உண்டு. எங்கும் நுழையலாம், எதையும் கேட்கலாகாது, தன் பிசகின் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்று அந்தக் கூட்டத்தில் தீர்ப்புச் சொன்னவர்களிடம் நாங்கள் எதிர்பார்த்ததும் இவ்வளவுதான்.