கியூட்டெக்ஸ் போட்ட பிராசசர்

செலரான் 300ஏ என்றால் இன்றைய பிள்ளைகள் ஏதோ மாத்திரை என்று நினைக்கக்கூடும். 1998 ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் அதை வெளியிட்டது; விலை 149 டாலர். அதே நாளில் வந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-க்கு 669 டாலர். இல்லாதவனுக்கு 300, இருப்பவனுக்கு 450 என்று கம்பெனி கோடு கிழித்துவிட்டது. அந்தக் கோட்டை அழிக்க நகப்பாலிஷ் போதும் என்று எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்தான்.

கணக்கு எளிது. சிப்புக்குள் 4.5 என்ற பெருக்கலைப் பூட்டி வைத்திருந்தார்கள். மதர்போர்டு தரும் தாளம் 66 மெகாஹெர்ட்ஸ் என்றால் வேகம் 300. தாளம் 100 ஆனால் 450. போர்டு 66-க்கு மேல் தரமாட்டேன் என்று அடம்பிடித்தால், பிராசசர் அட்டையின் விளிம்பில் பி21 என்ற ஒரே ஒரு தொடுமுனையை மறைத்துவிட வேண்டும். போர்டு ஏமாந்துபோய் 100 கொடுக்கும். செல்லோடேப் ஒட்டலாம், ஆனால் அட்டையைச் செருகும்போது டேப் சுருண்டுகொள்ளும். நகப்பாலிஷ் சுருளாது.

நெல்லை வண்ணார்பேட்டையில் ஒரு மாடியறை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த சிப். சுற்றி நாலைந்து பேர், எல்லாரும் கல்யாணமாகாதவர்கள். பேன்சி ஸ்டோருக்குப் போய்க் கியூட்டெக்ஸ் கேட்க ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்லை. ஒருத்தன் போய்விட்டுக் கடைக்காரர் “என்ன கலர்?” என்று கேட்டதும் சீப்பு வாங்கிக்கொண்டு திரும்பிவந்தான். கடைசியில் எங்கள் அக்காவின் அலமாரியிலிருந்து ரோஸ் நிறப் புட்டி வந்தது. தீக்குச்சியின் முனையில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவி, ஃபேனுக்கு நேரே காட்டிக் காயவைத்தோம். கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 450. பென்டியம் வாங்கியிருந்தாலும் அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது என்பது சத்தியம். மறுநாள் அக்கா புட்டியைத் தேடியதையும் நாங்கள் எல்லாரும் திருட்டு முழி முழித்ததையும் விவரிக்க வேண்டியதில்லை.

மூடி வைத்த கதை இது. திறந்து வைத்த கதையும் உண்டு. இரண்டு வருஷம் கழித்து ஏஎம்டியின் டியூரான் வந்தது. அதன் முதுகில் எல்1 என்று குறித்த இடத்தில் சின்னச் சின்னப் பாலங்களை அறுத்துவிட்டிருந்தார்கள். அறுந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டால், கரி மின்சாரத்தைக் கடத்தும், பெருக்கல் பூட்டு திறந்துகொள்ளும். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் டப்பாவில் கிடக்கும் பென்சில் போதும்.

இப்போது அந்த அக்காவின் மகன் கேமிங் கம்ப்யூட்டர் கட்டுகிறான். வீரவநல்லூரில் மாடியறை, கையில் அளவான பணம். “மாமா, ரைசன் 5500-ஐ வாங்கி ஏத்திக்கிடுதேன். 5600 எதுக்கு?” என்றான்.

பரம்பரைக் குணம் என்று தெரிந்தும் தடுத்துப் பார்த்தேன். 5500-இல் எல்3 கேஷ் 16 எம்பி, 5600-இல் 32. கேமுக்கு அது பெரிய விஷயம். மெகாஹெர்ட்ஸை ஏற்றலாம், இல்லாத கேஷை எந்தக் கியூட்டெக்ஸாலும் வரவழைக்க முடியாது. செலரான் ஜெயித்ததே அதனால்தான்: 128 கேபி என்றாலும் அதன் கேஷ் சிப்பின் முழு வேகத்தில் ஓடியது, பென்டியம் 2-இன் 512 கேபி பாதி வேகத்தில்தான். 2014-இல் இன்டெல் 72 டாலருக்கு ஜி3258 என்ற பென்டியத்தைப் பூட்டில்லாமல் விட்டபோது ஊரெல்லாம் கொண்டாடினார்கள். அந்த வருஷக் கடைசியில் ஃபார் க்ரை 4 வந்தது. இரண்டே கோர் உள்ள அந்தச் சிப்பில் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. எத்தனை மெகாஹெர்ட்ஸ் ஏற்றியிருந்தாலும் அதே கறுப்புத்தான்.

இன்னொன்றும் சொன்னேன். இன்றைய சிப்புகள் சூடும் கரண்டும் இடம் கொடுக்கும்வரை தாங்களே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. நாம் திருட வேண்டியதைக் கம்பெனியே எடுத்துப் பரிமாறிவிடுகிறது. சாப்பிடலாம், ருசி இல்லை. தவிர ஏ520 போர்டில் இப்படி வேகத்தை ஏற்ற, அதாவது ஓவர்கிளாக் செய்ய, வழியில்லை; பி450, பி550 என்று போக வேண்டும். நல்ல கூலர் தனிச் செலவு. அந்தப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போட்டால் கேம் இன்னும் நன்றாக ஓடும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். 5500-ஐயே வாங்கினான்.

அதன் பிறகுதான் வெயில் பாடம் நடத்தியது. கூலர் எவ்வளவு உசத்தி என்றாலும் அறையின் சூட்டுக்குக் கீழே சிப்பை இறக்காது. சித்திரையில் கான்கிரீட் கூரைக்குக் கீழே 38 டிகிரி என்றால் கணக்கு 38-இலிருந்துதான் ஆரம்பம். வோல்டேஜைக் கூட்டினால் சூடு அதன் வர்க்கத்தில் கூடும்: 1.2-ஐ 1.35 ஆக்கினால், வேகத்தைத் தொடாமலே கால்வாசிக்கு மேல் அதிகம். 90 டிகிரியைத் தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையின் மூலையில் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பான், அவன் தாத்தா காலைப் பேப்பரில் பாபநாசம் அணை மட்டத்தைப் பார்ப்பதுபோல.

தாத்தாவுக்குக் கன்னடியன் கால்வாயில் வயல். அணை நிறைய 143 அடி. மே கடைசியில் அது எத்தனையில் நிற்கிறது என்பதில்தான் கார் சாகுபடி இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையை நம்பி ஜூனில் தண்ணீர் திறந்தால் கார். இல்லாவிட்டால் ஐப்பசி அடைமழைக்குக் காத்திருந்து பிசானம் மட்டும். காருக்குக் குறுகிய கால நெல், பிசானத்துக்கு நீண்ட கால நெல். கோடையில் வயலைச் சும்மா போடுவதில் கௌரவக் குறைச்சல் இல்லை. சித்திரையில் நாற்றுப் பாவுகிறவனைத்தான் ஊர் சிரிக்கும்.

பையன் இதைத் திண்ணையில் கேட்டு வளர்ந்தவன். பயாஸில் மூன்று அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கிறான். ஆங்கில எழுத்தில் பெயர்: கார், பிசானம், கோடை. கோடை என்பது கம்பெனி கொடுத்த வேகம், கை வைப்பதில்லை. மலைக்காற்று வீசும் ஆனி, ஆடிக்குக் கார், 4.4 கிகாஹெர்ட்ஸ். மழைக்காலக் குளிருக்குப் பிசானம், 4.5. எந்த நாட்டு ஓவர்கிளாக்கருக்கும் தோன்றாத ஏற்பாடு இது என்று நான் புளகாங்கிதம் அடைந்தேன். தாத்தா மட்டும், “பிசானத்துல மகசூல் எப்படிலே?” என்று கேட்டார்.

சூடு பிரச்சினையே இல்லை என்றான். ஆனால் புது வேகம் நிலைக்கிறதா என்று ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். ஐப்பசியில் இடி இடித்தால் கரண்டு போய்விடுகிறது, சோதனை முடிவதே இல்லை. யூபிஎஸ் விலை கேட்டு வந்திருக்கிறான். 5600 வாங்காமல் மிச்சம் பிடித்த பணத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்.