பெருநாள் விருந்தில் ஒரு பொங்கும் பானம்



பெருநாள் என்றதும் பிரியாணிக்கும் தாளிச்சாவுக்கும் ஷீர் குருமாவுக்கும் நம் இல்லங்களில் முன்கூட்டியே திட்டம் வகுக்கப்படுகிறது. பருகுவதற்கு என்ன என்பதை மட்டும் கடைசி நேரத்துக்கு விட்டுவிடுகிறோம். தொழுகை முடிந்து விருந்தினர் வந்து அமர்ந்தபின், பையன் ஒருவனைக் கடைக்கு அனுப்பிப் பெரிய பாட்டில்கள் இரண்டை வாங்கிவரச் செய்வதோடு அந்தப் பொறுப்பு முடிந்துவிடுகிறது. எலுமிச்சை, சாத்துக்குடி, நறுமண இலைகள், சோடா ஆகியவற்றைக் கொண்டு பொங்கி நுரைக்கும் பானம் ஒன்றை வீட்டிலேயே தயாரிப்பது கடினமன்று. ஆனால் அதைத் தயாரிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டியுள்ளது. ஒன்று, பாத்திரத்துக்குள் நிகழ்வது. மற்றொன்று, அதைப் பருகும் சபையில் நிகழ்வது.

நாம் வாழும் மண்ணில் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட சாராயமும் கள்ளும் புதுவையில் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகின்றன. மதுவின் மீதான வரி இங்கே அரசின் முக்கிய வருவாய்களுள் ஒன்று. கடலூர் எல்லையை ஒட்டிய பாகூர் கொம்யூனிலும், விழுப்புரம் சாலையில் அமைந்த வில்லியனூர் கொம்யூனிலும் நம் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் முதல் பெயர்ப்பலகைகளில் மதுக்கடையின் பலகையும் ஒன்றாகிவிடுகிறது. இத்தகைய சூழலில் வளரும் பிள்ளைகளுக்கு ஹராம் எது என்று சொன்னால் மட்டும் போதாது. அது ஏன் ஹராம், எந்த இடத்தில் ஹராமாகிறது என்பதையும் விளங்கச் செய்ய வேண்டும்.

ஒருநாள் மாலை மக்தபில் ஒரு சிறுவன் கேட்டான்: "ஹஜ்ரத், சோடாவைத் திறந்தா புஸ்ஸுன்னு பொங்குது. பீரும் அப்படித்தான் பொங்குமாம். அப்போ சோடா ஹராமா?" மற்ற பிள்ளைகள் சிரித்தனர். ஆனால் அது சிரிக்கத்தக்க கேள்வியன்று. ஃபிக்ஹு பாடத்தின் வாசலில் நின்று கேட்கப்பட்ட கேள்வி.

சோடாவிலும் பீரிலும் பொங்குவது ஒரே கரியமில வாயுதான். 1767 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர், தம் வீட்டருகே இருந்த பீர் ஆலையின் நொதிக்கும் தொட்டிக்கு மேலே எழும் வாயுவில் நீரை வைத்தே சோடா நீரை முதலில் உண்டாக்கினார். பின்னர் சுண்ணக் கட்டியில் அமிலத்தை ஊற்றி அதே வாயுவைப் பெறும் முறையை 1772 இல் வெளியிட்டார். நூறு ஆண்டுகள் கழித்து ஹிராம் காட் என்னும் ஆங்கிலேயர் உருவாக்கிய கோலி அடைத்த பாட்டில் நம் ஊர்க் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை ரப்பர் வளையத்தோடு சேர்த்து அழுத்தி மூடி வைக்கிறது.

ஆக, பொங்குவது குற்றமன்று. வாயு போதை தருவதும் இல்லை. வாயு எவ்வாறு உள்ளே வந்தது என்பதே கேள்வி. சோடாவில் அது வெளியிலிருந்து நீருக்குள் செலுத்தப்படுகிறது. நொதித்த பானத்திலோ, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு வாயுவையும் ஆல்கஹாலையும் ஒருசேர வெளியிடுகிறது. அங்கே ஒன்றை மட்டும் வரவழைத்து மற்றொன்றை வராமல் தடுக்க நம்மால் இயலாது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. நம் பகுதியில் ஒரு குடும்பத்தினர், கைபேசியில் கண்ட காணொளி ஒன்றைப் பின்பற்றி, பெருநாளுக்கென்று "இயற்கைச் சோடா" தயாரித்தனர். இஞ்சியும் சர்க்கரையும் உலர்திராட்சையும் எலுமிச்சைச் சாறும் நீரில் கலந்து, கண்ணாடிப் பாட்டில்களில் இறுக மூடி, நான்கு நாட்கள் வைத்திருந்தனர். பெருநாளுக்கு முந்தைய இரவு ஒரு பாட்டிலைத் திறந்தபோது அது நுரைத்துக் கூரைவரை தெறித்தது. வாடையும் மாறியிருந்தது. அந்த வீட்டு அம்மா ஒரு பாட்டிலோடு மகனை என்னிடம் அனுப்பிவைத்தார். "கெமிக்கல் எதுவும் போடலை ஹஜ்ரத், எல்லாம் இயற்கைதான்" என்றான் அவன். திராட்சை ரசம் மதுவாவதும் இயற்கையாகத்தான் என்று அவனுக்கு நினைவூட்டினேன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்காகப் பேரீச்சம்பழமோ உலர்திராட்சையோ நீரில் ஊறவைத்து இனிப்பு நீர் தயாரிக்கப்பட்டது. அதற்கு நபீத் என்று பெயர். காலையில் ஊறவைத்ததை மாலையிலும், மாலையில் ஊறவைத்ததைக் காலையிலும் அவர்கள் அருந்தினார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். மூன்றாம் நாள் மாலை வரை அருந்துவார்கள், அதன்பின் எஞ்சியதைத் தாம் அருந்த மாட்டார்கள், அது கொட்டப்படும் என்ற கருத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பும் உண்டு. இரண்டும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. குளிர்சாதனப் பெட்டி இல்லாத அரபு நாட்டு வெப்பத்தில், நொதித்தலுக்கு முன்பே ஒரு வேலி போடப்பட்டது.

அப்துல் கைஸ் கூட்டத்தார் வந்தபோது சுரைக்குடுக்கை, மெருகிட்ட ஜாடி, தார் பூசிய பாத்திரம், குடைந்த பேரீச்ச மரத்தண்டு ஆகியவற்றில் நபீத் ஊறவைக்க வேண்டாம் என்று நபி (ஸல்) தடுத்தார்கள். அத்தகைய பாத்திரங்களில் பானம் விரைவில் நொதித்துவிடும், உள்ளே நிகழும் மாற்றமும் வெளியே தெரியாது. தோல்பையில் நொதித்தால் அது உப்பிக் காட்டிக் கொடுத்துவிடும் என்று ஹதீஸ் விளக்கவுரையாளர்கள் காரணம் கூறுகின்றனர். மக்கள் உள்ளங்களில் தடை நிலைபெற்ற பின்னர், எந்தப் பாத்திரத்தையும் பயன்படுத்தலாம், போதை தருவதை மட்டும் அருந்தக் கூடாது என்று அனுமதி தரப்பட்டது. பாத்திரத்தின் மீது பகை இல்லை. உள்ளே நிகழ்வதன் மீதே கவனம்.

இவற்றை அந்த இளைஞனுக்கு விளக்கினேன். "கொஞ்சம்தானே ஹஜ்ரத் இருக்கும்?" என்றான். எவ்வளவு என்று அளந்தறிய வீட்டில் கருவி இல்லை. அதிகமாக அருந்தினால் போதை தருவதில் சிறிதளவும் கூடாது என்பதும், சந்தேகமானதை விட்டு விலகுவது மார்க்கத்துக்குப் பாதுகாப்பு என்பதும் நபிமொழிகள் காட்டும் வழி. அன்றிரவே பாட்டில்கள் அனைத்தும் கொல்லையில் கவிழ்க்கப்பட்டன. மதுவிலக்கு வசனம் இறங்கிய செய்தி எட்டிய அக்கணமே, அபூ தல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் பானம் பரிமாறிக் கொண்டிருந்த அனஸ் (ரலி) அதை வெளியே கொட்டினார்கள். மதீனாவின் வீதிகளில் மது ஓடியது. பணமும் உழைப்பும் போயிற்றே என்ற வருத்தம் அந்த அம்மாவுக்கு இருந்தது இயல்பே. அல்லாஹ்வுக்காக விட்டது வீணாவதில்லை.

அந்த வீட்டில் மறுநாள் விருந்தும் நின்றுவிடவில்லை. என் மனைவி அன்றிரவே அவர்களுக்குச் சொல்லியனுப்பிய முறையை இங்கே தருகிறேன். பத்துப் பேருக்குப் போதுமானது.

கால் கிலோ சர்க்கரையைக் கால் லிட்டர் நீரில் இட்டு, தட்டிய இஞ்சி 50 கிராம் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். அடுப்பை அணைத்தபின் ஒரு கைப்பிடி புதினாவும் சில திருநீற்றுப் பச்சிலைகளும் போட்டு மூடிவையுங்கள். இலைகளைக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். கசக்கினால் கசப்பு இறங்கும். உள்ளங்கைகளுக்கு இடையே ஒருமுறை தட்டிப் போட்டாலே போதும். திருநீற்றுப் பச்சிலையின் விதையே நாம் நோன்பு காலத்தில் ஊறவைக்கும் சப்ஜா. அரபியர் இச்செடியை ரைஹான் என்று அழைக்கின்றனர். சூரத்துர் ரஹ்மானில் நறுமணச் செடியைக் குறிக்க வரும் சொல்லும் அதுவே. பெயரைக் கண்டு அந்நியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

இருபது நிமிடம் கழித்து வடிகட்டி ஆறவிடுங்கள். ஏழு எலுமிச்சை, நான்கு சாத்துக்குடி ஆகியவற்றின் சாற்றையும் ஒரு சிட்டிகை உப்பையும் சேர்த்துக் குளிரவையுங்கள். சாத்துக்குடிச் சாறு நேரம் செல்லச் செல்லக் கசக்கும். ஆகவே தொழுகைக்குச் சென்று திரும்பியபின் பிழிவதே நன்று. பாகை மட்டும் முந்தைய இரவே தயாரித்துக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். பரிமாறும்போது ஒரு பங்கு சாற்றுக்கு இரண்டு பங்கு சோடா. சோடா நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த நீரே வாயுவைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும். உப்பைச் சோடாவில் நேரே போட்டால் வாயு முழுதும் நுரையாகப் பொங்கி வெளியேறிவிடும். அதனால்தான் முதலிலேயே சாற்றில் கரைத்துவிடுகிறோம். தம்ளரைச் சற்றுச் சாய்த்து, ஓரமாகச் சோடாவை ஊற்றி, ஊறிய சப்ஜா விதையை மேலே இடுங்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்குப் பாகு இல்லாமல் எலுமிச்சை, இஞ்சிச் சாறு, உப்பு, சோடா மட்டும் கலந்து கொடுங்கள். அன்று செய்ததை அன்றே பருகி முடியுங்கள்.

இனி, இரண்டாவது விஷயம். ஹிஜ்ரி 505 இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் ஓர் உதாரணம் கூறுகிறார்கள். காடியும் தேனும் கலந்த ஸிகஞ்சபீன் என்னும் பானம் ஹலாலானது. ஆனால் ஒரு கூட்டத்தார் குடிகாரர்களைப் போல் சபை அலங்கரித்து, அவர்களுடைய கோப்பைகளில் அதை ஊற்றி, ஊற்றித் தருபவன் ஒருவனை நியமித்து, அவர்களுடைய வார்த்தைகளையே பேசிப் பருகினால், அந்தச் செயல் கூடாது என்பது அவர்களின் தீர்ப்பு. காரணம் பானம் அன்று; பாவனை.

இதன் பொருளை ஒரு வலீமா விருந்தில் கண்டேன். இளைஞர்கள் சிலர் நீண்ட காம்புடைய கண்ணாடிக் கோப்பைகளில் பழச்சாற்றுச் சோடாவை ஊற்றி, ஒன்றோடொன்று மோதிப் பருகிக் கொண்டிருந்தனர். பல்லாண்டுகள் குடிப்பழக்கத்தில் சிக்கியிருந்து, அல்லாஹ்வின் கிருபையால் மீண்ட சகோதரர் ஒருவர் கையிலும் ஒரு கோப்பையைத் திணித்தனர். அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, உண்ணாமலே எழுந்து சென்றார். மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அவர் சொன்னார்: "அந்தக் கிளாஸ்ல தப்பா ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியும் ஹஜ்ரத். என் கைக்குத் தெரியலை."

சட்ட நூல்கள் விரிவாகப் பேசுவதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நம் விருந்தில் அமர்ந்திருப்போரில் யார் எந்தப் போராட்டத்தைச் சுமந்து வந்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. பல நாடுகளின் சட்டப்படி "மது அற்றது" என்ற பெயரோடு 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பானங்களையும் விற்க இயலும். அந்தப் பெயரும் பாட்டிலின் தோற்றமும் யாருடைய உலகத்தை நம் வீட்டுக்குள் அழைத்து வருகின்றன என்பதை யோசிக்க வேண்டும். குடிகாரர்களின் மகிழ்ச்சியைக் கடன் வாங்கித்தான் கொண்டாட வேண்டும் என்ற வறுமை இந்த உம்மத்துக்கு இல்லை.

ஆகவே அந்தப் பானத்தை எவர்சில்வர் தம்ளரிலோ சாதாரணக் கண்ணாடித் தம்ளரிலோ ஊற்றுங்கள். அமர்ந்து, பிஸ்மில்லாஹ் கூறி, வலக்கரத்தால், மூன்று மூச்சில் பருகப் பிள்ளைகளைப் பழக்குங்கள். முதல் தம்ளரை வீட்டின் மூத்தவருக்குக் கொடுங்கள். "பாய் வீட்டுப் பிரியாணி" என்று காத்திருக்கும் அண்டை வீட்டாருக்கு, பிரியாணியோடு இதையும் ஒரு செம்பில் கொடுத்தனுப்புங்கள். "இது என்ன?" என்று அவர்கள் கேட்டால் செய்முறையையும் சொல்லுங்கள். குளிர்ந்த, இனிய பானம் நபி (ஸல்) அவர்களுக்கு மிகவும் விருப்பமாக இருந்தது என்று திர்மிதியில் காண்கிறோம். பெருநாளன்று அந்த விருப்பத்தை நாமும் பகிர்ந்துகொள்வது எவ்வளவு அழகானது!

யா அல்லாஹ்! எங்கள் உணவையும் பானத்தையும் தூய்மையானதாக ஆக்கியருள்வாயாக. தீய பழக்கத்திலிருந்து மீண்ட எங்கள் சகோதரர்களின் பாதங்களை உறுதிப்படுத்துவாயாக. எங்கள் பிள்ளைகள் இந்த மண்ணில் ஹலாலின் சுவையை அறிந்தவர்களாக வளர அருள்புரிவாயாக. ஆமீன்.