எதைப் போடலாம்?

முகவரியைக் கொடுத்தால் போதும், லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் சிடி அப்போது வீடு தேடி வரும். தபால் செலவுகூட நம்முடையதல்ல. 2004 அக்டோபரில் 4.10 பதிப்பு வெளிவந்த காலம். உறைக்குள் இரண்டு சிடி: ஒன்று நிறுவ, இன்னொன்று நிறுவாமலே ஓட்டிப் பார்க்க. திரையெல்லாம் மண்நிறம்.

அதற்கு முன்னால் பத்திரிகைகளோடு வந்த ரெட் ஹாட் சிடிகள். ஒன்று மாற்றி ஒன்று போட்டு, எந்தெந்தச் செயலி வேண்டும் என்று நாமே பொறுக்க வேண்டும். உபுண்டு ஒரு வேலைக்கு ஒரு செயலி என்று தானே தேர்ந்து, எல்லாவற்றையும் ஒரே சிடியில் அடக்கியிருந்தது. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் மளிகைக் கடை என்றால் இது பரிமாறிய இலை.

நிறுவாமல் ஓட்டும் வழியைப் பலருக்கும் காட்டியது ஜெர்மனியின் கிளாஸ் க்னாப்பர் உருவாக்கிய க்னாப்பிக்ஸ். வன்வட்டைத் தொடாமலே கணினி எழுந்து நிற்கும்! அப்படி ஓட்டிப் பார்க்கும்போது, எந்த லினக்ஸ் வகையானாலும் (டிஸ்ட்ரோ) நான் முதலில் அடித்துப் பார்ப்பது ‘கொ’. கொம்பும் காலும் பிரிந்து, நடுவே புள்ளிவட்டம் தெரிந்தால் மனசே விட்டுப்போகும். இன்று எழுத்து ஒழுங்காக நிற்பதற்குப் பின்னால் எத்தனையோ பேரின் ஊதியமில்லா உழைப்பு இருக்கிறது.

2011இல் தமிழக அரசு தந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அதுவும் டெபியன் வழிதான். பக்கத்தில் உட்கார்ந்து அதைக் காட்டிக்கொடுக்க ஊருக்கு ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்று இப்போதும் ஆதங்கம்.

அதே ஆண்டு ஏப்ரலில் உபுண்டு யூனிட்டி என்ற புதிய திரைமுகப்புக்கு மாறியது. பழகிய மெனுவைக் காணோம். லினக்ஸ் மின்ட்டுக்குப் போனேன். அங்கே இடது கீழ்மூலையில் மெனு இருந்தபடியே இருந்தது. 2017இல் உபுண்டு யூனிட்டியைக் கைவிட்டபோதும் நான் திரும்பவில்லை. என்னிடம் உதவி கேட்டு வரும் பெரியவர்களுக்கு இடம் மாறாத மெனு எவ்வளவு பெரிய விஷயம்!

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். “எதைப் போடலாம் தம்பி?” 4 ஜிபி ரேம்தான், ஆகவே மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பென் டிரைவிலிருந்து ஓட்டினோம். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் சரி. தமிழ்99 விசைப்பலகை முறையில் ‘கொ’ அடித்தார், சேர்ந்தே வந்தது.

“ரெண்டு நாள் இப்படியே ஓட்டிப் பாருங்க சார். புடிச்சிருந்தா வன்வட்டுல போட்டுடலாம். எங்கயாவது தடுமாறினா கூப்பிடுங்க, வர்றேன்.”