தங்கையின் ரத்தப் பரிசோதனை

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் தங்கைக்கு ரத்தசோகை தீரவில்லை. எங்கள் குடும்ப டாக்டர் ரிப்போர்ட்டில் சிவப்பணுக்கள் சிறுத்திருப்பதைக் கவனித்து, "சொந்தத்துலயா கல்யாணம்?" என்று கேட்டார். அத்தை மகன்தான். ஹெச்பி ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவைப் பார்க்கச் சொன்னார். பீட்டா தலசீமியா கடத்தி என்று வந்தது.

அதாவது குறையுள்ள மரபணுவைச் சுமக்கிறாள்; அவளுக்குக் கடுமையான நோயில்லை. ஆனால் மாப்பிள்ளையும் கடத்தியாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர 25 சதவீத வாய்ப்பு. பிறகு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். தங்கையின் சம்மதம் கேட்டு, மாப்பிள்ளையையும் அத்தையையும் உட்காரவைத்து டாக்டர் பொறுமையாக விளக்கினார்: "இது யாரோட குத்தமும் இல்லைங்கம்மா." வெறும் பரிசோதனை ரிப்போர்ட் இப்படி உட்காரவைத்து விளக்காது.

கருத்தரிக்கும் முன்பே உங்கள் டாக்டரிடம் இந்தத் தலசீமியா பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.