திருச்சுழி மடையும் அண்ணாச்சியின் இருமலும்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு 50 கிலோமீட்டர்தான். காவிரிக் கரையில் வளர்ந்த எனக்கு அது வேறு உலகம். காரியாபட்டி தாண்டியதும் கண்ணுக்குப் பச்சை என்றால் சீமைக்கருவேலம் மட்டும்தான். மற்றதெல்லாம் பாளம் பாளமாக வெடித்த கரிசல். ஓரிடத்தில் மண்மேட்டுக்குள்ளிருந்து புகை கசிந்தது. தீப்பிடித்துவிட்டதோ என்று பதறி எழுந்தேன். “கரிமூட்டம் சார், உக்காருங்க” என்றார் நடத்துநர். கருவேல விறகை அடுக்கி, மேலே தழையும் ஈரமண்ணும் மூடி, நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனலவிட்டுக் கரியாக்குகிறார்கள். மழை பொய்த்த வருடங்களில் இங்கே பல குடும்பங்களுக்கு அதுதான் வெள்ளாமை.

நான் பார்க்கப் போனது என் பழைய சிநேகிதரான அண்ணாச்சியை. முப்பது வருடம் நூற்பாலையில், பஞ்சைப் பிரிக்கிற ப்ளோ ரூமில் நின்றவர். முன்பு ஒருமுறை எங்கள் வீட்டில் வந்து தங்கியபோது, விடிய விடிய இருமினார். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். அந்தச் சத்தம் வெகுநாள் என் காதில் இருந்தது.

இந்த ஊரில் ஒருவர் இருமினால் காரணம் தேட வேண்டியதே இல்லை. பஞ்சுத் தூசி, கரிப்புகை, கரிசல் புழுதி எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. அவருக்கும் அதையேதான் சொன்னார்கள். சளியைச் சோதித்தார்கள், காசநோய் இல்லை. எக்ஸ்ரேயில் குற்றமில்லை. இரண்டு வருடம் இன்ஹேலர் இழுத்தார். நெஞ்செரிச்சல் அவருக்குப் பெரிதாக இல்லாததால் வயிற்றை யாரும் நினைக்கவேயில்லை. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கடைசியில் மதுரையில் ஒரு மருத்துவர்தான் கேட்டாராம்: “படுத்தா கூடுதா? குனிஞ்சா வருதா? ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?” ஷிஃப்ட் முடிந்து பத்து மணிக்கு மேல் எண்ணெய்ப் புரோட்டா, உடனே படுக்கை. இதுதான் அவருடைய முப்பது வருட வழக்கம்.

மறுநாள் காலை அவருடைய டிவிஎஸ் வண்டியில் திருச்சுழிக்குப் போனோம். ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வீடு, சுந்தர மந்திரம், கோவிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருமேனிநாதரை வணங்கிவிட்டு வெளியே வந்தால் குண்டாறு. ஆறு என்று சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அத்தனையும் மணல். ஊரையே மூழ்கடிக்க வந்த வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் பூமியில் குத்திச் சுழித்து உள்ளே இறக்கினார், அதனால்தான் சுழியல் என்கிறது தலபுராணம். ஒரு சொட்டு நீரில்லாத அந்த மணலில் நின்று வெள்ளத்தின் கதையைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

திரும்பும் வழியில் ஒரு கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தி, மடையைக் காட்டினார். “நம்ம வயித்துக்கும் இரைப்பைக்கு மேல இப்படி ஒரு மடை இருக்கு தம்பி. எனக்குப் பலகை தேஞ்சுபோச்சு. அமிலம் மேலேறி எதுக்களிக்கும். தொண்டையில ஒரு துளி பட்டாலும் இருமல். படாட்டாலும், உணவுக்குழாயோட அடியில இருக்கிற நரம்பு தூண்டி விட்டுருமாம்.”

மாத்திரைக்கு இருமல் கேட்கவில்லை. கட்டிலின் தலைமாட்டுக் காலுக்குச் செங்கல் வைத்தும் தீரவில்லை. மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, 24 மணி நேரம் அமிலம் ஏறுவதை அளந்தார்கள். உணவுக்குழாயின் அசைவையும் சோதித்தார்கள். அதன் பிறகே அறுவை சிகிச்சை. வயிற்றில் ஐந்து சிறு துளைகள். அது எப்படி என்று காட்ட, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் இடது கட்டைவிரலைப் பின்புறமாகச் சுற்றி இறுக்காமல் பிடித்தார். கட்டைவிரல்தான் உணவுக்குழாய், துண்டு இரைப்பையின் மேல்பகுதி.

இந்தச் சுற்றுக்குப் பின்னால் ஒரு நெடும்பயணம் இருக்கிறது. ருடால்ஃப் நிசென் என்ற யூத மருத்துவர் 1933இல் ஜெர்மனியை விட்டு இஸ்தான்புல் போனார். 1936இல் அங்கே ஒரு நோயாளிக்கு உணவுக்குழாயின் அடிப்பகுதியை வெட்டியெடுத்து, இணைத்த இடத்தை இரைப்பையின் மடிப்பால் மூடினார். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்த நோயாளிக்கு எதுக்களிப்பே இல்லை. அந்த நினைவை வைத்துத்தான் 1955இல் பாசல் நகரில் இந்த அறுவையைச் செய்தார். 1991இல் பெல்ஜியத்தில் அது துளைவழியாக மாறியது. அங்கிருந்து கரிசல் காட்டு மனிதர் ஒருவரின் வயிறுவரை வந்து சேர்ந்திருக்கிறது!

எல்லா இருமலுக்கும் இது மருந்தல்ல. நெஞ்செரிச்சலை ஆற்றுவது போல இருமலை நிச்சயமாக ஆற்றும் என்று நல்ல மருத்துவர் வாக்குக் கொடுப்பதில்லை. அமிலம் ஏறுவது சோதனையில் தெரியாதவர்களுக்கு இந்தப் பேச்சே கூடாது. அண்ணாச்சிக்கும் சில வாரம் கஞ்சிதான் இறங்கியது. இப்போதும் ஏப்பம் சுலபத்தில் வராது, வயிறு உப்பும். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு.

அன்று ராத்திரி திண்ணையில் எனக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தார். நான்தான் விழித்திருந்தேன். ஒரு இருமல் இல்லை. அந்தச் செங்கற்களின் மேல் இப்போது மதினி தண்ணீர்ப் பானையை வைத்திருக்கிறார்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்காவிட்டால் முதலில் சளியைச் சோதியுங்கள், அரசு மருத்துவமனையில் அது இலவசம். அதில் ஒன்றுமில்லை என்றால், படுத்தால் கூடுகிறதா, சாப்பிட்டதும் வருகிறதா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.